‘நாளைக்கு எத்தனை ஆள்?’: ஏலத்தோட்டக் கங்காணி ஒருவரின் போன் பற்றிய நிகழ்வு ஆய்வு

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும், கூடலூரிலிருந்து குமுளி வழியாகவும் தினமும் விடியுமுன் ஜீப்புகள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. உள்ளே இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அப்படி ஒரு ஜீப்புக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் பெண் கங்காணியின் போன்தான் இங்கே ஆய்வுப் பொருள்.

வயது 41. எட்டாம் வகுப்பு வரை படிப்பு. வீட்டில் கணவர், மாமியார், பத்தாவது படிக்கும் மகன். இவர் ஒரு தனி ஆள் அல்லர். அந்தத் தடத்தில் வழக்கமாக இருக்கும் நிலைமைகளைச் சேர்த்துக் கட்டிய மாதிரி நிகழ்வு இது. இவருடைய நேரங்களும் எண்ணிக்கைகளும் கணக்கு புரிவதற்காக வைத்தவை. எந்தக் கணக்கெடுப்பிலிருந்தும் எடுத்தவை அல்ல. போனுக்குள் நடப்பவை, சட்டங்கள், ஆண்டுகள் ஆகியவை உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

குறை இதுதான்: காலை 3:45க்கு எழ வேண்டும், தூக்கம் போதவில்லை, கண் எரிகிறது. “போனை எடுத்தா எட்டு மணி, வெச்சா பத்தே முக்கால். நடுவுல என்ன பாத்தேன்னு கேட்டா சொல்லத் தெரியல.” மகன் ஒரே சொல்லில் முடித்துவிட்டான்: அம்மா போன் அடிக்ட்.

அந்தச் சொல்லை முதலிலேயே தள்ளி வைத்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் வீடியோ கேம் பற்றிய ‘விளையாட்டுக் கோளாறு’ இருக்கிறது. வீடியோ பார்ப்பதோ வாட்ஸ்அப் பார்ப்பதோ தனி நோயாக இல்லை. ஒரு நாள்கூட வேலைக்குத் தவறாத, சுய உதவிக் குழுத் தவணையை ஒருமுறையும் தள்ளிப்போடாத ஒருவரை அடிக்ட் என்று சொல்வதால், ஆராய வேண்டிய இடம் அவருடைய மனம் என்று ஆகிவிடுகிறது. இந்த நிகழ்வில் முதலில் ஆராய வேண்டியது போன்.

ஒரு ராத்திரி, நிமிடக் கணக்கில்

8:02. ஜீப் குரூப்பில் தோட்டத்து சூப்பர்வைசரின் குரல் பதிவு, 6 விநாடி: “சேச்சி, நாளெ பதினாலு பேர் மதி” (அக்கா, நாளைக்குப் பதினாலு பேர் போதும்). 8:03. ஓட்டுநருக்கு இவர் அனுப்புவது: “தம்பி, 14.” பதில்: “சரிக்கா.” எதற்காகப் போனை எடுத்தாரோ அந்த வேலை முடிந்துவிட்டது. ஆன நேரம் ஒரு நிமிடம்.

வெளியே வரும்போது குரூப் பட்டியல் கண்ணில் படுகிறது. மகனின் பள்ளி, மகளிர் குழு, சொந்தக்காரர்கள், மூன்றிலும் பச்சை வட்டத்துக்குள் எண்கள். சொந்தக்காரர் குரூப்பில் மதினி ஒரு கும்பாபிஷேக வீடியோவின் இணைப்பைப் போட்டிருக்கிறார், 48 விநாடி. தொடுகிறார். வாட்ஸ்அப் பின்னால் போய் வீடியோ செயலி முன்னால் வருகிறது. 48 விநாடி முடிந்ததும் திரை நிற்கவில்லை. அதே வீடியோ மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. கட்டைவிரல் மேலே தள்ளுகிறது. அடுத்தது ஒரு சமையல். அதற்கடுத்து பாம்பு பிடிப்பவர். அப்புறம் ஒரு மாமியார் மருமகள் நகைச்சுவை. அதை மாமியாரிடமே காட்டிச் சிரிக்கிறார்கள்.

8:40 வாக்கில் எழுந்து மகனுக்குத் தோசை ஊற்றுகிறார். அடுப்படி மேடையில் கிடந்த போன் ஒருமுறை அதிர்கிறது. கடைச் செயலி ஒன்றின் அறிவிப்பு. கை ஈரத்தைச் சேலையில் துடைத்துவிட்டு அதைத் தள்ளிவிடுகிறார், ஆனால் பூட்டு திறந்தாகிவிட்டது. விட்ட இடத்தில் வீடியோ நிற்கிறது. 9:30க்கு, கேரள லாட்டரியை ‘ஆன்லைனில்’ வாங்கச் சொல்லும் விளம்பரம். 10:40க்கு பேட்டரி 9 சதவீதம் என்று எச்சரிக்கை. போனைச் சார்ஜில் போடுகிறார்.

2 மணி 38 நிமிடம். அதில் ‘போதும்’ என்று முதன்முதலில் சொன்னது பேட்டரி.

எங்கெங்கே பிடிக்கிறது

ஒரு இணைப்பைத் தொட்டால் அந்த ஒன்று மட்டும் திறக்கும், படித்ததும் பக்கம் முடியும் என்பது பழைய இணையம். பக்கத்துக்கு அடி இருந்தது. அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தும் அந்த அரை விநாடியில் ‘போகணுமா?’ என்ற கேள்வி தானாக எழும். 2006இல் மென்பொருள் வடிவமைப்பாளர் ஆசா ராஸ்கின் வடிவமைத்த முடிவில்லா உருட்டல் அந்த அடியை எடுத்துவிட்டது. பிறகு அவரே அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். மதினி அனுப்பிய 48 விநாடிக்கு அடி இல்லை. அது வீடியோவாகத் தெரிகிறது, உண்மையில் ஒரு வாசல்.

யூடியூப் 2012இல் பரிந்துரைக்கான அளவுகோலை மாற்றியது. எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதே முதன்மையானது. இந்தியாவில் 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் சோதனை வடிவமாக உலகிலேயே முதலில் இந்தியாவில் திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் எட்டாவது படித்த ஒருவர் எழுத்துக் கூட்டாமல், தேடாமல், கட்டைவிரலால் மட்டும் ஆளக்கூடிய பொழுதுபோக்கு அப்படித்தான் அவர் கைக்கு வந்தது. இது ஒரு வசதியும்கூட. தேடுபெட்டியில் எழுதத் தயங்குபவர்களுக்கு அதற்கு முன் யாரும் இவ்வளவு பெரிய கதவைத் திறந்துவிட்டதில்லை.

தள்ளித் தள்ளிப் பார்க்க வைப்பது என்ன என்பதற்குக் கம்பம்மெட்டிலேயே உவமை இருக்கிறது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003இல் தடை செய்யப்பட்டது. கேரளத்தில் அரசே 1967 முதல் நடத்துகிறது. மெட்டில் இறங்கினால் டிக்கெட் கிடைக்கும். பிற்பகல் 3 மணிக்குக் குலுக்கல். விழுந்ததா இல்லையா என்பது ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை தெரியும்; அதன் பிறகு மறுநாள் வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. வீடியோ உருட்டலில் ஒவ்வொரு தள்ளலும் ஒரு குலுக்கல். நான்கு சப்பை, ஒன்று சிரிப்பு, மூன்று சப்பை, ஒன்று கண்ணீர். எத்தனையாவதில் நல்லது வரும் என்று தெரியாமல் இருக்கும்போதுதான் ஒரு செயல் விடாமல் தொடரும் என்பதை உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957லேயே புறாக்களை வைத்துப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் கிடைத்த புறா, தானியம் நின்றதும் சீக்கிரம் விட்டுவிட்டது. எப்போதாவது கிடைத்த புறா கொத்திக்கொண்டே இருந்தது.

அறிவிப்புகளின் கதை இதைவிட எளிது. இவருடைய போனில் இருப்பது ஆண்ட்ராய்டு 11. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல்தான், புதிதாக நிறுவும் செயலி அறிவிப்பு அனுப்ப உங்களிடம் கேட்டாக வேண்டும். அதற்கு முந்தைய போன்களில் நிறுவினாலே அனுமதி கொடுத்த மாதிரி. இவர் எந்தக் கடைச் செயலிக்கும் ‘என்னைக் கூப்பிடு’ என்று சொன்னதில்லை. ‘கூப்பிடாதே’ என்று சொல்லும் இடம் எங்கே இருக்கிறது என்று தெரியாது, அவ்வளவுதான். விலை குறைந்த போன்களில் பூட்டுத் திரையிலேயே செய்தித் துணுக்கும் விளம்பரப் படமும் மாறி மாறி வருவது தனி. மணி பார்க்க எடுத்தவர் நடிகை ஒருவரின் படத்தைப் பார்த்துவிட்டு, மணி பார்க்காமலே கீழே வைத்துவிடுகிறார்.

இரண்டு ஏலம்

போடிநாயக்கனூரிலும் வண்டன்மேட்டை ஒட்டிய புற்றடியிலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏலக்காய்க்கான மின்னணு ஏலம் நடக்கிறது. ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு எண், எடை. வியாபாரிகளுக்கு மாதிரி கொடுக்கிறார்கள். உருட்டிப் பார்த்து, நிறமும் பருமனும் கண்டு விலை கேட்கிறார்கள். விலை திரையில் ஏறும். சரக்குக்காரருக்குப் பணம் வரும். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் முடியும்.

ராத்திரி 9:30க்கு அந்த லாட்டரி விளம்பரம் வந்ததற்கு முன்னாலும் ஒரு ஏலம் நடந்தது. ஆன நேரம் சுமார் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. சரக்கு: 41 வயதுப் பெண் என்று மதிப்பிடப்பட்ட ஒருவரின் அடுத்த சில விநாடிகள், தமிழ், பகலில் இடுக்கி, இரவில் தேனி மாவட்டம். மலை மேலே இருக்கும்போது மலையாள நகைக்கடை விளம்பரமும், கீழே இறங்கியதும் தமிழ் விளம்பரமும் வருவதை ஜீப்பிலேயே பேசிச் சிரிப்பார்கள். இந்த ஏலத்தில் சரக்குக்காரருக்குத் தன் குவியலின் எண் தெரியாது, என்ன விலைக்குப் போனது என்று தெரியாது, திருப்பி எடுத்துக்கொள்ளவும் முடியாது. ‘இலவசமாகத்தானே பார்க்கிறாய்’ என்பது பதில். வீடியோ இலவசம்தான். ஆனால் 48 விநாடிக்கான விலையாக 2 மணி 38 நிமிடத்தை எடுத்துக்கொள்வேன் என்று யாரும் அவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கவில்லை.

1971இல் பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன் ஒரு கட்டுரையில் கணக்கை மிகச் சுருக்கமாகப் போட்டார்: தகவல் கவனத்தைத் தின்கிறது, ஆகவே தகவல் பெருகினால் கவனத்துக்குப் பஞ்சம் வரும். அதே 1971இல் தத்துவ அறிஞர் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட், இதோடு சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரையில், சுதந்திரம் என்றால் என்ன என்பதற்கு ஒரு கருவி கொடுத்தார். மனிதருக்கு ஆசைகள் மட்டுமல்ல, ஆசைகளைப் பற்றிய ஆசைகளும் உண்டு. இன்னொரு வீடியோ பார்க்க ஆசை. அந்த ஆசை இன்றைக்கு என்னை நடத்தக் கூடாது என்பது இரண்டாவது ஆசை. இரண்டாவது சொல்கிறபடி முதலாவது நடந்தால் அவர் தன்வசம் இருக்கிறார். இந்த இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த நிகழ்வு தெளிவாகிவிடும். பஞ்சப் பொருளான கவனத்தைச் சந்தையில் வாங்குபவர்கள் முதல் ஆசையோடு மட்டும் வியாபாரம் செய்கிறார்கள். இரண்டாவது ஆசை பேசுவதற்கு ஒரு இடைவெளி வேண்டும். பக்கத்தின் அடி, வீடியோவின் முடிவு, ஒரு பொத்தான். அந்த இடைவெளிகளைத்தான் ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார்கள்.

தமிழில் ‘பராக்கு’ என்றொரு சொல் இருக்கிறது. ராஜா வரும்போது கட்டியக்காரன் ‘பராக்! பராக்!’ என்று கூவினால் ‘கவனி’ என்று பொருள். பையன் பராக்குப் பார்க்கிறான் என்றால் கவனமில்லாமல் இருக்கிறான் என்று பொருள். ஒரே சொல் இரண்டு எதிர்ப் பொருளையும் சுமக்கிறது. அதிரும் போனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

மணி நேரம் தப்பான அளவுகோல்

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. நாள் முழுக்க மலைச்சரிவில் செடியடியில் குனிந்து, பழுத்த காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, ஜீப்பில் குலுங்கி இறங்கி, சமைத்து முடித்த ஒருவர் இரண்டரை மணி நேரம் வீடியோ பார்த்தால் அதில் என்ன தப்பு? அந்த நாளில் அவருக்கென்று கிடைத்த நேரம் அது ஒன்றுதான். முன்பு அந்த நேரத்தில் டிவி சீரியல் ஓடியது. அதுவும் கவனத்தை விற்ற வியாபாரமே.

இந்த வாதத்தில் பாதியை ஏற்க வேண்டும். நேரத்தைக் குறைப்பதையே குறிக்கோளாக வைத்தால், உழைக்கும் பெண்ணின் ஓய்வின் மேல் இன்னொரு மேஸ்திரியை உட்கார வைத்த மாதிரி ஆகும். மீதிப் பாதி ஏற்கத்தக்கதல்ல. சீரியல் ஒன்பதரைக்கு முடிந்தது. அடுத்த சீரியல் இவருக்காகவே, நேற்று எந்தக் காட்சியில் இவர் கண் நின்றதோ அதைப் பார்த்துத் தயாராகவில்லை. இந்த ஆய்வில் மணி நேரத்தை அளவுகோலாக வைக்கவில்லை. 40 பக்க நோட்டு ஒன்றில் மூன்று கட்டங்கள்: எதுக்கு எடுத்தேன், அது முடிஞ்சுதா, யார் வெச்சது. கடைசிக் கட்டத்தில் எழுத நான்கு சொற்களே: நான், சார்ஜ், தூக்கம், வீட்டுக்காரர். முதல் வாரம் ஏழு ராத்திரியில் ‘நான்’ என்று ஒரே ஒரு நாள்.

செய்தவை, சொதப்பியவை

முதலில் அறிவிப்புகள். அமைப்புகளில் ‘அறிவிப்புகள்’ பகுதிக்குப் போய்ச் செயலி செயலியாக அணைத்தார்கள். குறுக்கு வழியும் உண்டு: வந்து விழுந்த அறிவிப்பை நீண்ட நேரம் அழுத்தினால் அங்கேயே அணைக்கலாம். மிச்சம் வைத்தவை அழைப்பு, குறுஞ்செய்தி, பணம் அனுப்பும் செயலி, வாட்ஸ்அப். வாட்ஸ்அப்பில் ஜீப் குரூப்பைத் தவிர மற்றதெல்லாம் ‘எப்போதும்’ ஒலி நிறுத்தம். ஜீப் குரூப்புக்கு மட்டும் தனி மணியோசை, அது அடித்தால் மட்டும் எடுத்தால் போதும்.

மூன்றாம் நாள் சூப்பர்வைசரின் செய்தி வரவே இல்லை. ஒன்பது மணிக்குப் பதறிப் போய்த் திறந்த பிறகு வந்து விழுந்தது. அணைத்ததால் வந்த கோளாறு அல்ல. இந்த விலைப் போன்களில் பேட்டரிச் சேமிப்பு, பின்னால் ஓடும் செயலிகளைத் தூங்க வைத்துவிடுகிறது. வாட்ஸ்அப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கியதும் சரியானது. பலர் இந்த இடத்தில்தான் ‘இதெல்லாம் நமக்கு ஆகாது’ என்று எல்லா அறிவிப்பையும் திரும்பப் போட்டுவிடுவார்கள். இன்னொன்று, செயலி புதுப்பிக்கப்படும்போது புதுப் புது அறிவிப்பு வகைகள் சேரும்; மாதம் ஒருமுறை பார்க்காவிட்டால் களைபோல முளைத்துவிடும்.

அடுத்து யூடியூப். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் தானியங்கி ஓட்டத்தை அணைப்பது முதல் படி. பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து நிறுத்தி வைப்பது இரண்டாவது. 2023 ஆகஸ்டிலிருந்து, வரலாறு இல்லாத கணக்குக்கு முகப்புப் பக்கம் பரிந்துரை ஏதுமின்றி வெறுமையாக வருகிறது. இங்கே ஒரு இழப்பும் வந்தது. காலையில் சமைக்கும்போது கேட்கும் பக்திப் பாடல்கள் முகப்பில் தாமாகவே வந்துகொண்டிருந்தன, இப்போது காணோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனை உட்கார வைத்து, பாடல்களை ஒரு பட்டியலாகச் சேமித்துக் கொடுக்கச் சொன்னார். அந்த வேலை செய்யும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. வீட்டில் போன் ஒன்று. அதில் பார்ப்பவர்கள் மூன்று பேர். அம்மாவின் முகப்பில் மகனின் விளையாட்டு வீடியோவும், மகனுக்கு மாமியாரின் மூட்டுவலி மருந்தும் வந்துகொண்டிருந்தன. இயந்திரம் ‘இந்த ஆள்’ என்று அறிந்து வைத்திருந்தது யாருமே இல்லாத ஒருவரை. தன்னாட்சி பற்றிய பேச்செல்லாம் ஆளுக்கொரு போன் இருப்பதாக நினைத்துக்கொண்டு நடக்கிறது.

லாட்டரி விளம்பரத்துக்கு வருவோம். கேரள அரசு லாட்டரி காகித டிக்கெட்டாக மட்டுமே விற்கப்படுகிறது, ஆன்லைனில் விற்பதில்லை. அப்படி வருவது மோசடி. விளம்பரத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டுப் புகார் செய்து தடுத்தார்கள். பிறகு போன் அமைப்புகளில் கூகுள், அதற்குள் விளம்பரங்கள் என்று போய் விளம்பர அடையாள எண்ணை நீக்கினார்கள். விளம்பரம் நிற்காது; பின்தொடர்வதுதான் குறையும். இதைச் சொல்லாமல் செய்தால் மறுநாளே ‘ஒண்ணும் குறையலயே’ என்பார்கள். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் செய்ய வேண்டியது வேறு: உடனே இணைய மோசடிக்கான அரசு உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

திரையைக் கருப்பு வெள்ளையாக்கும் யோசனை இரண்டு நாள் தாங்கவில்லை. அழுகல் நோய் பிடித்த காயின் படத்தைச் சூப்பர்வைசர் அனுப்பினால் பச்சையும் பழுப்பும் ஒன்றாகத் தெரிந்தது.

நேரப் பூட்டு எப்படித் தோற்றது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2018இல் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வந்த வசதி: ஒரு செயலிக்கு நாளைக்கு இத்தனை நிமிடம் என்று வைத்தால், முடிந்ததும் மூடிக்கொள்ளும். இவர் 45 நிமிடம் வைத்தார். மூடியது. நான்காவது நாள் அமைப்புக்குப் போய் எடுத்துவிட்டார். பூட்டியவர் கையிலேயே சாவி இருந்தால் அப்படித்தான். கணவர் ஒரு தீர்வு சொன்னார்: “பாஸ்வேர்டை நான் வெச்சுக்கறேன்.”

தொழில்நுட்பமாக இது வேலை செய்யும். அறமாக இதுதான் இந்த நிகழ்விலேயே ஆபத்தான இடம். தன்னைத் தானே கட்டிக்கொள்வதும் பிறர் கட்டுவதும் திரையில் ஒரே மாதிரி தெரியும், ஒன்றல்ல. பெண்ணின் போனை யார் பார்க்கலாம், யாரோடு பேசினாள் என்று யார் கேட்கலாம் என்பதெல்லாம் பல வீடுகளில் ஏற்கெனவே நடக்கிற வழக்கு. வெளியூர் நிறுவனத்திடமிருந்து மீட்ட கவனத்தை வீட்டு அதிகாரத்திடம் ஒப்படைத்தால் அவர் தன்வசம் வந்ததாக ஆகாது. சாவியை வேறொருவர் வைக்கத்தான் வேண்டும் என்றால் யாரிடம் என்பதை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும், கேட்டதும் காரணம் கேட்காமல் திருப்பித் தர வேண்டும், போனுக்குள் பார்க்கும் உரிமை அதோடு சேர்ந்து வரக் கூடாது. இவர் யாரிடமும் கொடுக்கவில்லை. பூட்டையே விட்டுவிட்டார். அது சரியான முடிவு என்பது எங்கள் கருத்து.

அதற்குப் பதிலாகப் பலித்தது ஒரு பழைய பொத்தான் போன். ராத்திரி போன் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்ததற்கு ஒரே காரணம் 3:45 அலாரம். அலாரத்தைப் பொத்தான் போனுக்கு மாற்றியதும் பெரிய போனுக்கு உள் அறையில் வேலையில்லை; கூடத்தில் மாமியார் கட்டிலுக்கு மேலே இருக்கும் பிளக்கில் சார்ஜ். அங்கே நின்றுகொண்டுதான் பார்க்க முடியும். மலையில் நாள் முழுக்க நின்ற கால் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது.

சட்டம் எதைப் பார்க்கிறது

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டுதல்களை அறிவித்தது. 13 வகை: பொய்யான அவசரம், கூடையில் கேட்காததைச் சேர்ப்பது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது, சந்தாப் பொறி, விடாமல் நச்சரிப்பது என்று போகிறது. கடைச் செயலி ‘இன்னும் 2 மட்டுமே’ என்று பொய் சொன்னால் இதில் பிடிக்கலாம். முடிவில்லா உருட்டலும் தானியங்கி ஓட்டமும் அந்த 13இல் இல்லை. மடியிலிருந்து பணம் போனால் சட்டத்துக்குக் கண் தெரிகிறது. தூக்கம் போனால் தெரியவில்லை.

2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகிறது. ஒப்புதல் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், குறிப்பிட்ட காரியத்துக்கு, விவரம் தெரிந்து தரப்பட வேண்டும். கொடுத்த அளவுக்கே எளிதாகத் திரும்பப் பெற முடிய வேண்டும். அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்க வழி இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்பது பொது விதி. ஆனால் இந்த வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன் அம்மாவின் கணக்கில் பார்க்கிறான். சட்டத்தின் கண்ணில் அவனுக்கு வயது 41.

மழையும் ஹர்த்தாலும்

நோட்டில் இரண்டாம் வாரம் ‘நான்’ நான்கு நாள். மூன்றாம் வாரம் மறுபடி ஒன்றுக்கு விழுந்தது. அமைப்புகள் எதுவும் மாறவில்லை. பக்கங்களைத் திருப்பிப் பார்த்தால் காரணம் முதல் கட்டத்தில் இருந்தது: “வண்டி போகுமா”, “வண்டி போகுமா”, “ஹர்த்தாலா”, “வண்டி போகுமா”. அந்த வாரம் மலையில் கனமழை. நடுவில் கேரளத்தில் ஹர்த்தால் என்று ஒரு பேச்சு. சூப்பர்வைசரின் செய்தி ஒரு நாள் எட்டுக்கு வந்தது, ஒரு நாள் பத்தரைக்கு, ஒரு நாள் வரவே இல்லை. 14 பெண்களின் மறுநாள் கூலி அந்த 6 விநாடிக் குரலில் தொங்குகிறது. எப்போது வரும் என்று தெரியாது, வருமா என்றும் தெரியாது. புறாவுக்கு வைத்த அதே ஏற்பாடு, இந்த முறை எந்தச் செயலியும் செய்யாமல், தினக்கூலி செய்தது. அடிக்கடி எடுத்துப் பார்த்தவர் ஒவ்வொரு தடவையும் பச்சை வட்டங்களைக் கடந்துதான் வெளியே வர வேண்டியிருந்தது.

ஆகவே அடுத்து மாற்றியது போனுக்கு வெளியே. சூப்பர்வைசரிடம் கங்காணியே பேசினார்: எண்ணிக்கை இரவு 7:30க்குள், அதுவும் செய்தியாக வேண்டாம், பொத்தான் போனுக்கு அழைப்பாக. 7:30க்குள் வராவிட்டால் நேற்றைய எண்ணிக்கையே. வழி, வானிலை பற்றிய முடிவை ஓட்டுநர் விடிகாலை 4 மணிக்குச் சொல்வார்: ஒரு மிஸ்டு கால் என்றால் வண்டி உண்டு, அடுத்தடுத்து இரண்டு என்றால் இல்லை. பெண்களுக்கும் அதே கணக்கு. சூப்பர்வைசர் முதலில் இழுத்தார். மேலே முதலாளி சொல்லாமல் தன்னால் சொல்ல முடியாது என்றார். இரண்டு தடவை நேற்றைய எண்ணிக்கையில் ஆள் போய் இறங்கி, இரண்டு பேருக்கு அதிகமாகக் கூலி கொடுக்க நேர்ந்த பிறகு, 7:30 அழைப்பு ஒழுங்காக வர ஆரம்பித்தது. குழப்பம் இல்லாமலும் இல்லை. ஒரு பெண்ணின் வீட்டில் 4 மணிக்கு மணி அடித்தால் கைக்குழந்தை எழுந்துவிடுகிறது. அவருக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார்.

போனை வைக்க முடியாமல் கூலியோ சாப்பாடோ பிள்ளையோ கவனிப்பாரற்றுப் போகும் நிலை இருந்தால் இந்த ஏற்பாடுகள் போதாது. அதற்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். இவருக்கு அது தேவைப்படவில்லை.

ஐந்தாம் வாரத்து நோட்டில் வியாழக்கிழமை வரி இப்படி இருக்கிறது. எதுக்கு எடுத்தேன்: மதினி அனுப்பிய கச்சேரி, முழுசா பார்க்க. அது முடிஞ்சுதா: முடிஞ்சுது, 10:50. யார் வெச்சது: நான்.